பைக்கு எதுக்கு முகவரி

குருவி: இப்ப எத்தனாவது பக்கம் அண்ணி?

அண்ணி: முப்பத்தஞ்சு. உள்ள வாசிக்கிறவர் இப்ப தும்மினார் பாரு, அது இந்தப் பக்கத்துல மூணாவது தும்மல்.

குருவி: தும்மலை எல்லாமா எண்ணிட்டு இருக்கீங்க...

அண்ணி: வேற என்ன வேலை எனக்கு? ஒன்பது மணியிலேருந்து இந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன். அதுவும் ஒரு கால் குட்டையான பெஞ்சு. நீ எழுந்தா நான் சாயறேன், நான் எழுந்தா நீ சாயறே.

குருவி: இத்தனை பெரிய ரத்த வங்கி, ஒரு நல்ல பெஞ்சு இல்ல.

அண்ணி: ஷ்ஷ்... கேளு. "அடைப்பு திற. நோயாளி புள்ளி வகை. அடைப்பு மூடு. அரைப்புள்ளி." ஒருத்தர் வாசிக்கிறார், இன்னொருத்தர் டிக் போடறார். நான் எழுதின புரொகிராமை ஒருத்தர் சத்தமா வாசிச்சு இன்னைக்குத்தான் கேக்கறேன்.

குருவி: அவர் வாசிக்கிறது உங்களோடதா, என்னோடதா?

அண்ணி: யாருக்குத் தெரியும். ஒருத்தர் கையில ஒன்பது வருஷத்துக்கு முந்தின என் பழசு, இன்னொருத்தர் கையில உன் புதுசு. இந்தக் கண்ணாடிக் கதவு வழியா ரெண்டும் வெள்ளைக் காகிதமாத்தான் தெரியுது.

குருவி: கம்ப்யூட்டர்ல ஒத்துப் பாத்திருந்தா ரெண்டே செகண்ட். இவங்க மூணு மணி நேரமா கமா, புள்ளின்னு...

அண்ணி: ஒத்துப் பாக்கறதும் ஒரு புரொகிராம்தானே. அதை யார் ஒத்துப் பாப்பா? தவிர, பழசு காகிதத்துல மட்டும்தான் இருக்கு. மெஷின் போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. அப்ப இருந்த பெரிய டாக்டர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, கவர்ல வெச்சு, அரக்கு ஒட்டின அந்த ஒரு கட்டுதான்.

குருவி: தெரியும், தெரியும். காலையில நானும்தானே நின்னு பாத்தேன். அரக்கு உடைஞ்ச சத்தத்துக்கு நீங்க ஒரு அடி பின்னால போனீங்க.

அண்ணி: நானா? நீதான் என் கையைப் பிடிச்சுப் பின்னால இழுத்தே.

குருவி: சரி... பாதிப் பாதி.

அண்ணி: பயப்படறியா?

குருவி: ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கமிட்டி ஒத்துக்காதுன்னு டாக்டர் நேத்தே சொல்லிட்டாங்களே. யாருக்கு எந்த ரத்தம்னு முடிவு பண்ற விதிப் பகுதி... டாக்டருங்க கையெழுத்துப் போட்டதுலேருந்து ஒரு புள்ளி விலகினாக்கூட, உங்க புரொகிராமை இன்னைக்கு சாயங்காலமே தூக்கி ஓரம் கட்டிடுவாங்க. வெளியிலேருந்து வேற ஒண்ணு வாங்கிடுவாங்க.

அண்ணி: வாங்கட்டுமே. எனக்கென்ன. நான் இப்ப அச்சகத்துல பிழை திருத்தறவ. கல்யாணப் பத்திரிகையில ஒரு கொம்பு விட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. இதெல்லாம் பழைய கதை.

குருவி: பழைய கதைக்கா அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட புடவை கட்டிட்டு வந்தீங்க?

அண்ணி: ...புடவை எப்பவும் இஸ்திரி போட்டதுதான்.

குருவி: நேத்து ராத்திரி நீங்களே தேய்ச்சீங்க. அண்ணன் கேட்டாரு, "எதுக்கு இவ்வளவு ஆவி"ன்னு.

அண்ணி: உங்க அண்ணன் கேக்காத கேள்வி ஏது. இப்பக்கூட மூணு தடவை போன் பண்ணியாச்சு. "முடிஞ்சுதா?" இல்லை. "முடிஞ்சுதா?" இல்லை. மூணாவது தடவை, "என் நீலச் சட்டை எங்க?"

குருவி: எங்க இருக்கு?

அண்ணி: அது தெரிஞ்சிருந்தா அவர் எதுக்கு என்கிட்ட கேக்கறார்? கல்யாணமாகி பதினோரு வருஷம். சட்டைன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. சட்டை வந்துடும். எந்த அலமாரி, எந்த அடுக்கு, சலவைக்குப் போயிருக்கா, கொடியில காயுதா... எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டார்.

குருவி: அண்ணி... நான் ஒரு வருஷமா பண்ணினது அதேதான்.

அண்ணி: சட்டை தேடினியா?

குருவி: சிரிக்காதீங்க. உங்க புரொகிராமை நான் அண்ணன் மாதிரி ஆக்கியிருக்கேன்.

அண்ணி: அய்யோ பாவம், என் புரொகிராம்.

குருவி: கேளுங்களேன். நீங்க எழுதினப்ப ரத்த வங்கிக்கு ஒரே கட்டடம். புரொகிராம்ல ஒரு ரத்தப் பைகிட்ட "உன் வகை என்ன"ன்னு கேட்டா வகை சொல்லும். "உன் தேதி என்ன"ன்னு கேட்டா தேதி சொல்லும். அவ்வளவுதானே?

அண்ணி: அவ்வளவுதான். ரத்தப் பைன்னா அது தன்னைப் பத்தித் தெரிஞ்சு வெச்சிருக்கணும். ஊர் வம்பு அதுக்கு எதுக்கு.

குருவி: அப்புறம் ரெண்டாவது கட்டடம் வந்துச்சு, மூணாவது வந்துச்சு. வந்தவங்க ஒவ்வொருத்தரும் பைக்குள்ளயே கையை விட்டாங்க. நான் எடுத்துப் பாத்தப்ப, "உன் வகை என்ன"ன்னு ஒரு பையைக் கேட்டா அது உடனே பதில் சொல்லாது. நான் எந்தக் கட்டடத்துல இருக்கேன்? அங்க எந்த சர்வர்? லைன் இருக்கா? இல்லைன்னா மறுபடி கூப்பிடவா, எத்தனை தடவை கூப்பிட... இவ்வளவையும் விசாரிச்சுட்டு, களைச்சுப் போய், கடைசியில ஓ பாசிட்டிவ்னு சொல்லும்.

அண்ணி: ...அப்படியா ஆயிடுச்சு.

குருவி: நோயாளியும் அப்படித்தான். பொருத்தம் பாக்கற பகுதியும் அப்படித்தான். எல்லாத்துக்குள்ளயும் முகவரி. அறுபத்தோரு பக்கம் நூத்தி முப்பத்தெட்டு பக்கமாயிடுச்சு. எது மருத்துவம், எது தபால் வேலைன்னு பிரிச்சுப் பாக்கவே முடியல.

அண்ணி: அதைப் பூரா நீ தனியாவா பிரிச்சே?

குருவி: வேற யாரு? ஒரு வரி எடுப்பேன். இது ரத்தத்தைப் பத்தின பேச்சா, தூரத்தைப் பத்தின பேச்சான்னு கேப்பேன். ரத்தம்னா இருக்கட்டும். தூரம்னா வெளியில போடு. ஒரு வருஷம் இதே வேலை.

அண்ணி: வெளியில போட்டா, மூணாவது கட்டடத்துல இருக்கற பையோட யார் பேசறது?

குருவி: அங்கதான் நீங்க வர்றீங்க.

அண்ணி: நானா?

குருவி: சட்டைக்கும் அண்ணனுக்கும் நடுவுல. ஒவ்வொரு பைக்கும் இங்க ஒரு பதிலாள் வெச்சேன். பொருத்தம் பாக்கற பகுதி அதுகிட்ட "உன் வகை என்ன"ன்னு கேக்கும். அதுக்கு இதுதான் பைன்னு நினைப்பு. பதிலாள் போய் நிஜப் பைகிட்ட கேட்டு வந்து சொல்லும். நிஜப் பை பக்கத்து ரூம்ல இருந்தா என்ன, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தா என்ன. கேக்கறவருக்குத் தெரியவே தெரியாது.

அண்ணி: எது எங்க இருக்குன்னு பதிலாளுக்கு எப்படித் தெரியும்?

குருவி: ஒரே ஒரு பட்டியல். ஒரு பக்கம்தான். இன்னைக்குக் காலையில சோதனைக்காக மூணாவது கட்டடத்துப் பைகளை எல்லாம் புதுசா வந்த நாலாவது கட்டடத்து சர்வருக்கு மாத்தினாங்க. நான் பட்டியல்ல ஒரு வரி மாத்தினேன். உங்க பகுதியில ஒரு புள்ளியைக்கூடத் தொடலை. எல்லாம் ஓடுச்சு.

அண்ணி: ஒரு வரியா?

குருவி: ஒரு வரி.

அண்ணி: ...இதை ஏன் ஒரு வருஷமா வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல? ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடறோம்.

குருவி: முடிச்சுட்டு சொல்லலாம்னு...

அண்ணி: முடிச்சு ஒரு மாசமாச்சாமே. வாசல்ல காவலாளி சொன்னாரு. காவலாளிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

குருவி: வீட்டுல இந்த வேலைப் பேச்சு எடுத்தாலே நீங்க எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவீங்க. நாலு வருஷமா அப்படித்தானே.

அண்ணி: தாகம் எடுக்கும்.

குருவி: ஆமா. சரியா அந்த நேரத்துக்கு எடுக்கும்.

அண்ணி: வாயைக் குறை. பக்கம் புரட்டறாங்க... முப்பத்தெட்டு.

குருவி: அதுக்குள்ளயா?

அண்ணி: இரு. நான் ஒண்ணு கேக்கறேன். உன் பதிலாள் ரொம்ப சாமர்த்தியசாலின்னு வெச்சுக்கோ. லைன் அறுந்து போச்சு. பை அந்தப் பக்கம். பதிலாள் போறான், வழி இல்லை. இங்க ஒருத்தி ஆபரேஷன் மேஜையில படுத்திருக்கா. "பொருந்துமா"ன்னு டாக்டர் கேக்கறார். உன் ஆள் என்ன சொல்லுவான்?

குருவி: இருங்க, சொல்றேன்.

அண்ணி: இதைக் கேக்க மாட்டேன்னு நினைச்சியா? தூரத்தை மூடி மறைக்கலாம் குருவி. அறுந்த கம்பியை மறைக்க முடியாது. உங்க அண்ணனுக்குச் சட்டை வரலைன்னா என்ன நினைப்பார் தெரியுமா? எனக்குச் சட்டையே இல்லைன்னு முடிவு பண்ணிட்டு பனியனோட உக்காந்துடுவார்.

குருவி: தெரியலன்னு சொல்லும்.

அண்ணி: என்ன?

குருவி: பொருந்தும்னும் சொல்லாது. பொருந்தாதுன்னும் சொல்லாது. "தெரியல"ன்னு சொல்லும். காலையில எட்டரைக்கு டாக்டர் தன் கையாலயே கேபிளைப் பிடுங்கினாங்க. திரையில வந்துச்சு... "தெரியவில்லை, நேரில் கேளுங்கள்"னு. அந்தக் கட்டடத்துல நர்ஸ் போனை எடுத்தாங்க. முப்பது செகண்ட்ல பை கிடைச்சுது.

அண்ணி: அதை எங்க கொண்டு போய்ச் செருகினே? விதிப் பகுதியில "தெரியல"ன்னு ஒரு பதிலைச் சேத்தேன்னா, மாத்தினதா ஆயிடுமே. உள்ள அதைத்தானே ஒத்துப் பாக்கறாங்க.

குருவி: நான் எங்கயும் சேக்கல.

அண்ணி: பின்ன?

குருவி: நீங்க ஏற்கனவே வெச்சிருந்தீங்க.

அண்ணி: நானா? எங்க?

குருவி: மூணு பதில் அண்ணி. பொருந்தும், பொருந்தாது, தெரியல. மேல சேத்ததை எல்லாம் சுரண்டி எடுத்தப்ப அடியில அது இருந்துச்சு. யாரும் பாக்காம, யாரும் கூப்பிடாம. நான் ராத்திரி... இல்ல, அப்ப விடிஞ்சே போச்சு. நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன்.

அண்ணி: அது... பரிசோதனை முடிவு வராத பைக்காக வெச்சது. ரத்தம் எடுத்த அன்னைக்கே எல்லா முடிவும் வந்துடாது. வராத வரைக்கும் பொருந்தும்னு சொன்னாலும் பொய், பொருந்தாதுன்னு சொன்னாலும் பொய். அப்ப இருந்த பெரிய டாக்டர் சண்டை போட்டார். "கம்ப்யூட்டர் வாங்கினதே தெரியும்னு சொல்லத்தானே, தெரியலன்னு சொல்ல எதுக்கு"ன்னார்.

குருவி: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: தெரியாதுன்னு சொல்லத் தெரியாத எதையும் நோயாளி பக்கத்துல விடாதீங்க டாக்டர்னேன். அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டார்.

குருவி: ஒரு கட்டடம் மட்டும் இருந்தப்ப எழுதினீங்க. கம்பியும் இல்லை, தூரமும் இல்லை. ஆனா அறுந்த கம்பிக்கும் அதுல இடம் இருந்துச்சு. என் பதிலாளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வேணும்னு தேடினேன், நீங்க எடுத்து வெச்சுட்டுப் போயிருந்தீங்க.

அண்ணி: போதும், போதும். கண்ணுல தூசி.

குருவி: கண்ணாடி ஜன்னலெல்லாம் மூடியிருக்கு.

அண்ணி: அப்ப ஃபினாயில். அந்த அம்மா இப்பதானே தரையைத் துடைச்சிட்டுப் போனாங்க.

குருவி: சரி, ஃபினாயில்.

அண்ணி: ...நாப்பது போயிடுச்சு. நாப்பத்தொண்ணு.

குருவி: நாப்பத்து மூணு வர்றப்ப சொல்லுங்க.

அண்ணி: ஏன்?

குருவி: சும்மா.

அண்ணி: நாப்பத்து மூணுல என்ன? பழசை நீ பாத்ததே இல்லையே.

குருவி: என் பிரதியில நாப்பத்து மூணாவது பக்கத்துலதான் அந்த மூணு பதிலும் வருது. உங்களோடதுலயும் அங்கேயே வரும்னு... ஒரு நினைப்பு.

அண்ணி: அங்கதானே நாலு வருஷம் முன்னாடி விசாரணைக்காரங்களும் தப்புன்னு கை வெச்சாங்க.

குருவி: ...ஆமா.

அண்ணி: எவனோ ரோட்டைத் தோண்டினான், கம்பி அறுந்துச்சு. அந்தப் பக்கம் பதினோரு பை இருந்துச்சு. பதினொண்ணும் பொருந்தாதுன்னு என் புரொகிராம் சொல்லிடுச்சு. ஆபரேஷனுக்குப் படுத்திருந்த ஒரு பொண்ணை மேஜையிலேருந்து இறக்கி, ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி ஏத்தினாங்க. நல்ல காலம், பிழைச்சுக்கிட்டா. நான் போய்ப் பாத்தேன். வெந்நீர் குடிச்சிட்டு இருந்தா. என்னை யாருன்னு அவளுக்குத் தெரியாது.

குருவி: பாக்கப் போனீங்களா? எனக்குத் தெரியாதே.

அண்ணி: எல்லாமா சொல்லிட்டு இருப்பாங்க.

குருவி: "விதிப் பகுதியில் பிழை"ன்னு எழுதினாங்களே... அப்ப நீங்க ஒரு வார்த்தையாவது மறுத்திருக்கலாம்.

அண்ணி: விடு.

குருவி: ஒரு வார்த்தை அண்ணி. அந்த வரி என்னோடது இல்லைன்னு ஒரு...

அண்ணி: விடுன்னேன்ல. ...நிறுத்திட்டாங்க.

குருவி: என்ன?

அண்ணி: வாசிக்கிறதை நிறுத்திட்டாங்க. நாப்பத்து மூணு.

குருவி: தும்மறதுக்கா இருக்கும்.

அண்ணி: தும்மல. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் குனிஞ்சு பாக்கறாங்க. டாக்டரும் எழுந்து வர்றாங்க.

குருவி: நான் உள்ள போய்ப் பாக்கறேன்.

அண்ணி: உக்காரு. நீ எழுந்தா நான் விழுந்துடுவேன்.

குருவி: மறுபடி வாசிக்கிறாங்க. அதே பக்கம்.

அண்ணி: "இல்லையெனில்... தெரியவில்லை... அரைப்புள்ளி." ...மறுபடியும் அதே பக்கம். மூணாவது தடவை.

குருவி: ஏன் அண்ணி? எதுக்கு மூணு தடவை?

அண்ணி: என்னைக் கேட்டா? ...டிக் போட்டாச்சு. பேனா அசைஞ்சுது பாத்தியா? டிக்தான். போறாங்க. நாப்பத்து நாலு.

குருவி: டிக்தானா? பெருக்கல் குறி இல்லையே?

அண்ணி: பெருக்கல்னா ரெண்டு தடவை அசையும். தினம் ப்ரூஃப் பாக்கறவ நான், எனக்குத் தெரியாதா. இந்தா, தண்ணி குடி.

குருவி: இப்ப எனக்குத் தாகமா?

அண்ணி: ஆமா, உனக்கும் வரட்டும். நம்ம வீட்டுக்கே உள்ள வியாதி.

குருவி: இன்னும் பதினெட்டு பக்கம்.

அண்ணி: கண்ணை மூடிட்டு சாஞ்சுக்கோ. நான் எண்ணறேன்.

குருவி: மூடிட்டேன்.

அண்ணி: நாப்பத்தஞ்சு... நாப்பத்தொன்பது... அம்பத்து மூணு...

குருவி: இப்ப எத்தனை?

அண்ணி: அம்பத்தாறு. தூங்கிட்டியோன்னு பாத்தேன்.

குருவி: தூக்கமா... நீங்க உதட்டை அசைச்சு கூடவே சொல்லிட்டு வர்றீங்க. உங்களுக்கு இன்னும் மனப்பாடமா இருக்கா?

அண்ணி: பெத்தவளுக்குப் பிள்ளையோட மச்சம் மறந்துடுமா. ...அறுபது. ...அறுபத்தொண்ணு. நாற்காலி நகர்ற சத்தம். எழுந்திரு, புடவை கசங்கியிருக்கா பாரு. டாக்டர் வர்றாங்க.

டாக்டர்: ரெண்டு பேரும் இன்னும் இங்கதான் இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?

அண்ணி: ஆச்சு டாக்டர்.

குருவி: இல்லை டாக்டர்.

டாக்டர்: சரி... முதல்ல நல்ல விஷயம். அறுபத்தோரு பக்கமும் ஒத்துப் போகுது. எழுத்துக்கு எழுத்து.

குருவி: அண்ணி...

டாக்டர்: என் பதினெட்டு வருஷ அனுபவத்துல இப்படிப் பாத்ததில்லை. நீங்க பழைய பிரதியைப் பாக்கவே இல்லையாமே.

குருவி: பாக்கல டாக்டர். தூரத்தைப் பத்தின வரிகளை மட்டும் எடுத்து வெளியில வெச்சேன். எல்லாம் போனதுக்கு அப்புறம் மிஞ்சினது இதுதான். மிஞ்சினது இவங்களோடது.

டாக்டர்: ஒரே ஒரு வித்தியாசம். முதல் பக்கத்துலயே பாத்தோம், முடியட்டும்னு இருந்தோம். பழசுல மேல "எழுதியவர்"னு ஒரு குறிப்பு வரி, அதுல இவங்க பேர். உங்க பிரதியில அந்த வரி இல்லை. அது ரத்தத்தைப் பத்தின வரி இல்லை, அதனால பெரிசில்லை. அந்த விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

அண்ணி: அப்ப... கமிட்டி ஏத்துக்குமா?

டாக்டர்: அங்கதான் ஒரு முடிச்சு. நாலு வருஷம் முன்னாடி விசாரணையில "விதிப் பகுதியில் பிழை"ன்னு எழுதியிருக்கு. நாங்க நாப்பத்து மூணாவது பக்கத்தை மூணு தடவை வாசிச்சோம். பழசுல அந்தப் பிழையே இல்லை. அப்ப அந்தப் பிழை எங்கேருந்து வந்துச்சு? யார் போட்டா? அது தெரியாம கையெழுத்துப் போட மாட்டோம்னு ரெண்டு பேர் சொல்றாங்க. நியாயம்தானே.

அண்ணி: டாக்டர், அது வந்து... பழைய விஷயம். எத்தனையோ கை பட்டது. யாருன்னு இப்ப எப்படி...

குருவி: நான் கொண்டு வந்த இந்தக் கவர்ல இருக்கு டாக்டர்.

அண்ணி: குருவி.

குருவி: எல்லாம் தேதியோட எழுதியிருக்கேன். அது நான் போட்ட வரி.

அண்ணி: குருவி, உக்காரு.

குருவி: நான் வேலைக்குச் சேந்த முதல் மாசம். ரெண்டாவது கட்டடத்தை இணைக்கற வேலை. லைன் கிடைக்கலைன்னா என்ன பதில் சொல்றதுன்னு ஒரு இடம் வந்துச்சு. யாரையும் கேக்கல. "பொருந்தாது"ன்னு போட்டேன். அதுதான் பாதுகாப்புன்னு நினைச்சேன். தப்பான ரத்தம் யாருக்கும் போகாதுல்ல.

டாக்டர்: பாதுகாப்புதான்... ரத்தம் தேவைப்படாதவங்களுக்கு.

குருவி: இப்ப தெரியுது டாக்டர். கம்பியோட கோளாறை மருத்துவப் பதிலா மாத்திட்டேன். அதை இவங்க பகுதிக்குள்ளயே எழுதினேன். அதான் பழி இவங்க மேல விழுந்துச்சு.

டாக்டர்: இந்தக் கவரைக் குடுத்தா உங்க வேலைக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

குருவி: ஒரு வருஷமா யோசிச்சேன். கவர் ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு பாருங்க.

டாக்டர்: ...குடுங்க. பத்து நிமிஷம் இருங்க, உள்ள படிச்சிட்டு வர்றேன்.

குருவி: திட்டுங்களேன். இப்படி உக்காந்திருக்கறதுக்கு ரெண்டு அறையாவது குடுங்க.

அண்ணி: வெளியாட்கள் நடமாடற இடம்.

குருவி: நாலு வருஷம் அண்ணி. உங்க கையால சோறு வாங்கிச் சாப்பிட்டேன், உங்க முகத்தைப் பாக்காம. நீங்க தண்ணி குடிக்க எழுந்து போனப்பெல்லாம் நானும் தட்டை எடுத்துட்டு எழுந்துடுவேன்.

அண்ணி: உன் வரின்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?

குருவி: ...என்ன சொல்றீங்க?

அண்ணி: உலகத்துல எல்லாரும் ஒரு இடைவெளி விட்டா நீ ரெண்டு விடுவே. ஸ்கூல் நோட்டுலேருந்து அப்படித்தானே. விசாரணை நடந்த அன்னைக்கே பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சுது.

குருவி: தெரிஞ்சும் சொல்லலையா? எனக்காக வேலையை விட்டீங்களா? யார் கேட்டா உங்களை? இப்படி ஒரு கடனை என் தலையில...

அண்ணி: உனக்காக இல்லை.

குருவி: பின்ன யாருக்காக? அண்ணனுக்காகவா? தங்கச்சியைக் காட்டிக் குடுத்தா அவர் வருத்தப்படுவார்னா?

அண்ணி: உங்க அண்ணனுக்கு நீலச் சட்டை கிடைச்சா போதும். அவரை எதுக்கு இழுக்கறே.

குருவி: மழுப்பாதீங்க. இன்னைக்கு நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். நீங்களும் சொல்லுங்க.

அண்ணி: டாக்டர் வர்றாங்க. முந்தானையால மூக்கைத் துடைக்காதே, கைக்குட்டை இந்தா.

டாக்டர்: முடிஞ்சுது. விதிப் பகுதி அப்படியே இருக்கட்டும்னு கமிட்டி கையெழுத்துப் போட்டாச்சு, அஞ்சு பேரும். நாலாவது கட்டடம் திங்கட்கிழமை திறக்குது. உங்க புரொகிராம்தான் ஓடப் போகுது அம்மா.

அண்ணி: ...நன்றி டாக்டர்.

டாக்டர்: எனக்கு எதுக்கு? உங்க பக்கத்துல நிக்கறவங்களுக்குச் சொல்லுங்க. நூத்தி முப்பத்தெட்டு பக்கத்துக்குள்ளேருந்து உங்களைத் தேடி எடுத்துட்டு வந்திருக்காங்க.

அண்ணி: அவளுக்கு வீட்டுல சொல்லிக்கறேன். இங்க சொன்னா தலைக்கு ஏறிடும்.

குருவி: டாக்டர், என் கடிதம்...

டாக்டர்: விசாரணைக் கோப்புல சேத்தாச்சு. பழைய முடிவைத் திருத்தி எழுதணும். உங்க வேலை விஷயம் மேல இருக்கறவங்க முடிவு பண்ணணும், நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா காலையில கேபிளைப் பிடுங்கினது இந்தக் கைதான். திரையில என்ன வந்துச்சுன்னு பாத்தவ நான். கூப்பிட்டா போய்ச் சொல்லுவேன்.

குருவி: அது போதும் டாக்டர்.

டாக்டர்: இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்த முதல் பக்கத்து வரி. எழுதினவங்க பேரை எடுத்தது யாருன்னு குறிச்சுட்டா கோப்பை மூடிடலாம். யாருக்காவது தெரியுமா?

குருவி: விசாரணை முடிஞ்ச கையோட இங்க யாராவது எடுத்திருப்பாங்க டாக்டர். பழி போட்டவங்களுக்குப் பேரை அழிக்கத் தெரியாதா.

அண்ணி: யாரும் எடுக்கல டாக்டர், வேலையை விட்ட அன்னைக்கு நானேதான் எடுத்தேன். இவ எழுதின அந்தப் பக்கத்துக்குக் கீழ "படித்துச் சரிபார்த்தேன்"னு இருக்கற கையெழுத்து என்னோடது. நம்ம வீட்டுப் பொண்ணு எழுதினா சரியாத்தான் இருக்கும்னு, ஒரு எழுத்துகூடப் படிக்காம போட்டது. அதை வெளியில சொல்ல என் கௌரவம் விடல, அதைவிட வேலையை விடறது சுலபமா இருந்துச்சு. அந்தப் பேனாவைக் குடுங்க. எழுதினவ இடத்துல என் பேரை நானே எழுதறேன்... படிக்காம விட்டவ இடத்துலயும்.